கழற்றத் தெரிந்தவன்

கழற்றுவதில் எனக்கு நிகர் கோவை மாவட்டத்தில் யாரும் கிடையாது. மிக்ஸி, மேசை ஃபேன், மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரம், மகளின் சைக்கிள் என்று என் கைபட்டுப் பிரியாத பொருள் குடும்பத்தில் இல்லை. பிரித்ததில் எவையெல்லாம் திரும்பச் சேர்ந்தன என்று மனைவி கேட்டால், அது வேறு டிபார்ட்மெண்ட் என்று சொல்லிவிடுவேன். பஞ்சுத் தரகர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். வரவும் செலவும் பைசா பிசகாமல் நிற்கிறதா என்று பகலெல்லாம் பார்க்கிறவன் கையில் சாயந்திரம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தால் எங்கிருந்தோ ஒரு குதூகலம் வந்துவிடுகிறது.

ஊரும் ஒரு காரணம். ஜி.டி. நாயுடு கதை தெரியாத கோயமுத்தூர்க்காரன் உண்டா? வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைச் சின்ன வயதில் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்து 300 ரூபாய் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்து, பிறகு பிரித்தபடியே பூட்டி ஓட்டினார். அவிநாசி சாலையில் உள்ள அவருடைய மியூசியத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள். எத்தனையோ பிள்ளைகள் அங்கிருந்து விஞ்ஞான ஆர்வத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள். நான் அந்தக் கதையின் முதல் பாதியோடு வீடு திரும்பினேன்.

எனக்கு வாய்த்த ரட்ஜ், மாமனாரின் 1978 மாடல் புல்லட். மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர். முட்டி வலி வந்து கிக்கர் உதைக்க முடியாமல் போன பிறகு, ஆர்.சி. புக்கை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். “நல்லாப் பாத்துக்குங்க மாப்ள” என்றார். அன்று முழுக்க நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வெட்டலாம் என்று.

சாப்பர் என்று ஒரு வண்டி வகை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கனத்த ஹார்லிகளில் இருந்து மட்கார்டு, சீட்டு என்று வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து ஓட்டியதில் தொடங்கிய பழக்கம், போகப் போக முன் ஃபோர்க்கை நீட்டுவது, ஹேண்டில்பாரை உயர்த்துவது என்று வளர்ந்தது. அதில் ஹார்ட்டெய்ல் என்பது உச்சம். பின்னால், சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. வண்டியின் கழுத்தில் தொடங்கும் கோடு டேங்குக்கு அடியில் இறங்கி, சீட்டுக்குக் கீழே சரிந்து, எங்கும் ஒடியாமல் பின்சக்கரத்தின் அச்சில் போய் முடியும். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் இத்தனை பாடும். ஷாக் அப்சார்பர் இருக்கிற வண்டியில் அந்தக் கோடு பாதியில் முறிந்துவிடும். இன்றைக்கும், இவ்வளவு பட்ட பிறகும், அந்தக் கோடு அழகு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் மண்டையில் ஏறிய வண்டி எல்லோர் மண்டையிலும் ஏறியதுதான். 1969-ல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிக்கொண்டு போவாரே, டேங்கில் அமெரிக்கக் கொடி தீட்டிய அந்த ஹார்லி. அதை உருவாக்கியவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள். போலீஸ் இலாகா ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய ஹார்லிகளை வாங்கித்தான் செய்தார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் இரண்டு பேருடைய பெயரும் வரவில்லை; ஓட்டிய நடிகர் பெயர்தான் ஊருக்குத் தெரியும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் வண்டி தயாரானால் வெல்டர் பெயரை டேங்கிலேயே எழுதுவது என்று சபதம் செய்தேன். பின்னால் அவரே வந்து, எங்கும் தன் பெயரைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு படித்தவன், கையில் இருந்த புல்லட்டைப் பற்றி ஒரு பக்கம் படித்திருக்கலாம். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்து உலகத்துக்குத் துணிச்சலாகக் காட்டிய வண்டிகளில் புல்லட் முன்வரிசை. 1948-ல் கரடுமுரடான பாதையில் ஓட்டும் ட்ரயல்ஸ் போட்டிகளுக்கு அந்த அமைப்போடு அதை இறக்கியபோது, பின்சக்கரம் இறுக்கமாக இருந்தால்தான் மண்ணில் பிடிக்கும் என்று நம்பியிருந்த பெரிய ஓட்டக்காரர்கள் சிரித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் ஜெயித்த பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட் ஓட்டினார்கள். சிரிப்பு நின்றது. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்கே பின்பக்கம் ஷாக் வர 1958 ஆக வேண்டியிருந்தது. நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் எல்லைச் சாலைகளில் ஓட்ட வண்டி வேண்டும் என்று அரசு புல்லட்டைத் தேர்ந்தெடுத்து, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அப்படி வந்த வண்டியின் தலைமுறைப் பெருமையை, கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் வைத்து நான் அறுத்து எடுக்க இருந்தேன்.

ஹார்லிக்காரர்கள் 1984-ல் சாஃப்டெய்ல் என்று ஒரு மாடல் கொண்டுவந்தார்கள். ஷாக் அப்சார்பரை கியர்பாக்ஸுக்கு அடியில் ஒளித்து வைத்து, பார்வைக்கு மட்டும் ஹார்ட்டெய்ல் மாதிரி காட்டுகிற வண்டி. ஏமாற்று வேலை என்று அதைக் கேலி செய்து நண்பர்களிடம் நீளமாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் இப்போது இடுப்புக்குக் கீழே நினைவுக்கு வருகிறது.

முதலில் பைப். சீம்லெஸ் பைப் வாங்குங்கள், சுவர் கனம் பார்த்து வாங்குங்கள் என்று லேத்துக்காரர் சொன்னார். விலை கேட்டேன். கணக்கு எழுதும் புத்தி விழித்துக்கொண்டது. வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்கு வாங்கி மீந்த ஜி.ஐ. பைப் கிடந்தது. கனமாக, பளபளவென்று, முக்கியமாக இலவசமாக. துத்தநாகம் பூசிய பைப் என்பதால்தான் அந்தப் பளபளப்பு என்பது தெரியும்; அதைச் சுரண்டாமல் வெல்டிங் அடித்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. வாடகைக்கு ஒரு வெல்டிங் மெஷின் எடுத்து, கார் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ‘பழகிப் பார்க்கலாம்’ என்று இரண்டு துண்டுகளை ஒட்டினேன். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. பஞ்சு மாதிரி இழை இழையாக அது மிதந்து படிந்ததை நின்று ரசித்தேன். நாக்கில் ஒரு தித்திப்பு.

ராத்திரி பத்து மணிக்கு மேல் குளிர் ஆரம்பித்தது. கம்பளி, அதற்கு மேல் ஜமக்காளம், அதற்கு மேல் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டர். பல் கிட்டியது. டெங்குவா என்று மனைவி பயந்து, நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினாள். மறுநாள் மத்தியானம் வந்த சுவடு தெரியாமல் காய்ச்சல் போய்விட்டது. விஷயத்தைக் கேள்விப்பட்ட, கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கும் வெல்டர், “ஜி.ஐ. அடிச்சீங்களா? பாலு குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்த் தன் பையனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். துத்தநாகப் புகைக் காய்ச்சல் வெல்டர்களுக்கு நூறு வருஷமாகத் தெரிந்த வியாதி. பால் குடித்தால் அது போகும் என்பது மட்டும் பட்டறை நம்பிக்கை. பாலோ கஷாயமோ, அது தானாக வந்து தானாகப் போகிற ஜுரம். இரண்டையும் குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பால் தேவலை.

அதன் பிறகு வேலையை அந்த வெல்டரிடமே ஒப்படைத்தேன். அவர் தொழில் கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி. வண்டி வேலை செய்ததில்லை என்று முதலிலேயே நேர்மையாகச் சொன்னார். “பைப்புதானுங்களே சார், கேட்டுக்கு ஒட்டறது இதுக்கு ஒட்டாதா?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எஞ்சினை இறக்கினோம். சக்கரம், டேங்க், மட்கார்டு, வயரிங் எல்லாம் இறங்கின. நான் முன்னே சொன்ன குதூகலம் அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. வெறும் சேஸிஸை இரண்டு மர ஸ்டூல்மேல் படுக்க வைத்தோம். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வளைந்த குழாய்களில் நான் சாக்பீஸால் கோடு போட, அவர் கட்டிங் வீலை வைத்தார். தீப்பொறி ஓய்ந்தபோது மாமனாரின் புல்லட் இரண்டாக இருந்தது. பின்பாதி, ஸ்விங் ஆர்ம், ஷாக் அப்சார்பர் ஜோடி எல்லாவற்றையும் அன்று சாயந்திரமே உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். வந்த பணத்தில் எல்லோருக்கும் பரோட்டா.

ஒன்றை மட்டும் வெல்டர் மறுத்துவிட்டார். சாப்பர் என்றால் கழுத்தையும் அறுத்துச் சாய்த்து ஒட்ட வேண்டும் என்று நான் படம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். “கழுத்துலதானுங்க சேஸிஸ் நம்பர் அடிச்சிருக்கு. இத நான் தொடமாட்டனுங்க.” இந்தக் கதையில் யாராவது உருப்படியாக ஒரு முடிவு எடுத்தார்கள் என்றால் அது அந்த இடத்தில்தான்.

புதுப் பின்பக்கம் அழகாக வந்தது. இந்தத் தடவை சீம்லெஸ் பைப். கோடு ஒடியாமல் ஓடியது. வெல்டிங்குகூட மோசமில்லை, கேட்டு வேலைக்காரர் ஆனாலும் தையல் போட்டதுபோல் வரிவரியாக அடித்திருந்தார். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தோம். முன்பக்கத் துளையில் போல்ட் போயிற்று. பின்பக்கத் துளைகளில் போகவில்லை. கொஞ்சம் நெம்பினோம். பின்பக்கம் போயிற்று, முன்பக்கம் வெளியே வந்துவிட்டது.

புல்லட் சேஸிஸின் ரகசியத்தை அன்றைக்குத்தான் கற்றேன். மற்ற எத்தனையோ வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் குழாய் தொட்டில் மாதிரி சுற்றி வரும். பழைய புல்லட்டில் அது கிடையாது. கழுத்திலிருந்து இறங்கும் முன் குழாய் பாதியில் நின்றுவிடும். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயும் அப்படியே. நடுவே பாலம் போட்டு அந்த இரண்டையும் இழுத்துப் பிடித்திருப்பது எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். எஞ்சின் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிற பயணி அல்ல, சேஸிஸில் அதுவும் ஓர் எலும்பு. அதை எடுத்துவிட்டு, இரண்டு முனையும் காற்றில் தொங்க, வெல்டிங் சூடு கொடுத்தால் உருகின இரும்பு ஆறும்போது சுருங்கி ஒரு பக்கம் இழுக்கும். எஞ்சின் உள்ளே இருக்க, சின்னச் சின்ன டேக் மட்டும் மாற்றி மாற்றி அடித்து, அளந்து, பிறகுதான் முழு வெல்டிங் அடிக்க வேண்டும். கேட்டுக்கு எஞ்சின் இல்லை என்பதால் வெல்டருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சினை இறக்கிய அன்றைக்கு சேஸிஸ் லேசாக விரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாரம் குறைந்த சந்தோஷம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அறுத்து, எஞ்சினை வைத்து, மறுபடி ஒட்டினோம். போல்ட்டெல்லாம் போயின. பின்சக்கரம் பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் கொஞ்சம் பார்க்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது செயின். ஸ்விங் ஆர்மோடு நான் எடைக்குப் போட்ட சாமான்களில், அச்சின் இரண்டு பக்கமும் இருக்கும் பல்பல்லாக வெட்டிய வட்டத் தகடுகளும் உண்டு. நத்தை ஓடு வடிவத்தில் இருக்கும். அதைத் திருகினால் சக்கரம் பின்னால் நகர்ந்து செயின் இறுகும். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். லேத்துக்காரரிடம் அச்சுத் தகட்டுக்கு வரைபடம் கொடுத்தபோது நீளவாக்கில் காடி போடச் சொல்லாமல் வட்டமாக ஒரு துளை போடச் சொன்னேன். நேர்த்தியாகப் போட்டுக் கொடுத்தார். அச்சு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு ஒரு நூல்கூட நகராது. செயினில் ஒரு லிங்க் எடுத்தால் பூட்டவே முடியவில்லை. சேர்த்தால் தொங்கி, தகட்டில் உரசி, கிணற்று ராட்டினச் சத்தம் போட்டது. “ஏனுங்க சார், செயின் நாளைக்கு நீளுமே, அப்ப என்ன பண்றது?” என்று லேத்துப் பையன் கேட்டான். ஐ.டி.ஐ. முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. அவனுக்கு வேலையைப் பார்க்கச் சொல்லி அறிவுரை வழங்கினேன்.

இதெல்லாம் பின்பக்கத்துச் சமாசாரம். முன்பக்கத்தை நினைத்தால்தான் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பழைய புல்லட்டின் முகத்தை எல்லோருக்கும் தெரியும். ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு கனத்த அலுமினியக் கூடு, இரண்டு ஓரமும் சின்னக் கண்கள் மாதிரி விளக்குகள், மேலே ஸ்பீடோமீட்டரும் அம்மீட்டரும். சாப்பருக்கு அந்த மூஞ்சி ஆகாது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஹெட்லைட் போதும். எனவே கூட்டையும் கழற்றி உக்கடத்துக்கே அனுப்பினேன், இந்தத் தடவை அலுமினிய ரேட்டில். வீட்டுக்கு வந்து ஃபோர்க்கை மாட்டப் போனால், மேலே மாட்ட இடமில்லை. அந்தக் கூடு வெறும் ஹெட்லைட் மூடி இல்லை. ஃபோர்க் குழாய் இரண்டும் மேலே போய் மரை போட்டு ஏறி உட்காருவதே அதற்குள்தான். வண்டியின் தோள்பட்டையை விளக்குக் கூடு என்று நினைத்து விற்றிருக்கிறேன்.

லேத்தில் ஒரு இரும்புத் தகடு வெட்டித் துளை போட்டு மேல் தோளாக வைத்தோம். ஃபோர்க் குழாய்களையும் அங்கேயே துண்டு சேர்த்து நீட்டினோம். தகட்டின் இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் கீழ்த் தோளோடு மயிரிழை வேறுபட்டது. குழாய் இரண்டும் இணையாக நிற்காமல் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. விளைவு, ஃபோர்க் ஒரு தடவை அமுங்கினால் மேலே வருவதற்கு யோசித்தது. பின்னால் ஷாக் இல்லாத வண்டி செய்யப் போய், முன்னாலும் இல்லாத வண்டியைச் செய்து முடித்தேன்.

நீட்டின ஃபோர்க்குக்கு இன்னொரு குணம் உண்டு. ஃபோர்க் சாயச் சாய, ஹேண்டில் திரும்பும் அச்சு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடும். நெடுஞ்சாலையில் நேராகப் போக அது சுகம். அமெரிக்கப் பாலைவனத்தில் நூறு மைலுக்கு வளைவே வராத சாலையில் போனவர்களுக்கு வேறென்ன வேண்டும். எங்கள் தெருவில் காய்கறி வண்டி, பள்ளிக்கூட வேன், கோலம், படுத்திருக்கும் நாய். மெதுவாகப் போகும்போது ஹேண்டிலைச் சற்றுத் திருப்பினால், மீதியை அதுவே திருப்பிக்கொண்டு சக்கரம் பொத்தென்று ஒரு பக்கம் விழும். தெருமுனையில் யூ டர்ன் போட முடியாது. இறங்கித் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளித்தான் திருப்ப வேண்டும். பால்காரர் ஒரு நாள், “லாரிங்களா சார்?” என்று கேட்டார்.

ஸ்டார்ட் செய்வதும் ஒரு கலை. பழைய புல்லட்டை முரட்டுத்தனமாக உதைத்தால் திருப்பி உதைக்கும். கிக்கரை மெல்ல அமுக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. 70-க்கு 90 மில்லிமீட்டர் என்று நீளமாக ஓடும் ஒற்றைப் பிஸ்டனுக்குக் காட்ட வேண்டிய மரியாதை அது. என் அம்மீட்டர் கூட்டோடு உக்கடத்தில் இருந்தது. முள் இல்லாமல் குத்துமதிப்பாக உதைத்தேன். கெண்டைக்காலில் கிக்கர் எழுதிய பதில் மஞ்சள் பத்துப் போட்டும் வெகுநாள் அழியவில்லை.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது ஓடியது. சுருள் ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டு, மாம்பழ அளவு பெட்ரோல் டேங்க், கறுப்புப் பெயிண்ட், அந்தக் கோடு. புல்லட்டின் அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை. தெருவே வந்து வாசலில் நின்றது. மாமனாரையும் கூட்டி வந்திருந்தார்கள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று தடியை ஊன்றிச் சுற்றி வந்தார். டேங்கைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. என்ற வண்டி எங்கீங்க மாப்ள?”

பதில் சொல்லாமல் கியரைப் போட்டேன். ஹார்ட்டெய்லில் ஷாக்காக வேலை செய்வது மூன்று: டயருக்குள் இருக்கும் காற்று, சீட்டு ஸ்பிரிங், ஓட்டுகிறவரின் முதுகெலும்பு. சாலை நன்றாக இருக்கிற வரை முதல் இரண்டும் பார்த்துக்கொள்கின்றன. எங்கள் வார்டில் குடிநீர்க் குழாய் பதித்து மூடிய பள்ளங்கள் உண்டு. முதல் பள்ளத்தில் ஸ்பிரிங் அடி தட்டியது. இரண்டாவதில் நான் சீட்டை விட்டு எழுந்து, சீட்டு மேலே வரும்போது நான் கீழே வந்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டிப் பார்த்ததில், பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்துப் பஞ்சர்.

ஸ்பீட் பிரேக்கர் தனிக்கதை. பின்பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறேன், நீளத்தையும் கூட்டியிருக்கிறேன். பார்க்க அம்சம். மேடு போட்டவருக்கு இது தெரியாது. முன்சக்கரம் ஏறி இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை, நடுவே எஞ்சினின் அடிவயிறு மேட்டில் உட்கார்ந்தது. இரண்டு காலும் தரையில் ஊன்றி நான், டீக்கடை வாசலில், காலை எட்டரை மணிக்கு. எதிர்க்கட்சிக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து தூக்கினார். ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. எஞ்சினுக்கு அடியில்தான் ஆயில் இறக்கும் திருகு இருக்கிறது. அது மேட்டில் தேய்ந்து கசியத் தொடங்கியதை நான் கவனித்தேன், கவலைப்படவில்லை. புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தானே செய்யும்! அலுவலகத்தில் இருந்து வீடு வரை சாலையில் ஒரு கறுப்புப் புள்ளிக்கோடு விழுந்திருந்ததை மகள்தான் வந்து சொன்னாள். அதுவும் ஒடியாத கோடுதான்.

கடைசியில் வண்டியை நிறுத்தியது முதுகு இல்லை, இன்ஷூரன்ஸ். புதுப்பிக்கப் படம் எடுக்க வந்த ஏஜெண்ட் தம்பி, ஆர்.சி. புக்கையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களில் கணக்கன் மனசு போய் நின்றது. ராத்திரி உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். பின்பக்கம், ஃபோர்க், டேங்க், ஹெட்லைட், மட்கார்டு, ஹேண்டில்பார், சீட்டு. பாதியில் மனைவி எட்டிப் பார்த்தாள். இதை விடச் சிறைக்குப் போவது மலிவு போலிருக்கிறதே என்றாள்.

இதெல்லாம் வண்டியை ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால் விசாரித்திருக்க வேண்டியது. வெல்டருக்குச் சேஸிஸ் நம்பரைப் பற்றி இருந்த பயத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் போதும். ஷெட்டுக்குள் தள்ளித் துணி போட்டு மூடினேன். ஃபோர்க் நீளத்துக்கு ஷட்டர் முழுதாக இறங்கவில்லை.

பழையபடி ஆக்கிவிடுவது என்று தீர்மானமாயிற்று. கழுத்தும் நம்பரும் தப்பித்ததால் அது முடிகிற காரியம். போன வாரம் உக்கடம் போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. பரணில் இருந்து இறக்கி, துணியால் துடைத்து, முன்னால் வைத்தார். என் பின்பாதி, என் ஸ்விங் ஆர்ம், என் நத்தைத் தகடுகள், என் ஷாக் ஜோடி. ஹெட்லைட் கூடு மட்டும் திருப்பூர்க்காரர் ஒருவர் பழைய புல்லட்டைப் பழையபடி ஆக்குகிறேன் என்று வாங்கிப் போய்விட்டாராம். விவரமான மனுஷன்.

“எவ்வளவுங்க?” என்றேன்.

சொன்னார். நான் போட்ட எடைக் கணக்கில் அந்தத் தொகைக்கு ஒரு லாரி இரும்பு வாங்கலாம்.

“எடைக்குத்தானுங்களே என்கிட்ட எடுத்தீங்க?”

“அப்ப அது பழைய இரும்புங்க சார். இப்ப நீங்க தேடி வந்துட்டீங்க, ஒரிஜினல் ஸ்பேர் ஆயிருச்சு.”

பேரம் பேசினேன். ஐம்பது ரூபாய் குறைத்தார். பணத்தை எண்ணும்போது, வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் பின்பக்கத்தை என்ன செய்யப் போகிறேன் என்று விசாரித்தார். புது சீம்லெஸ் பைப், சரியாக ஒட்டினது, ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று சொன்னேன்.

“கொண்டாங்க, கிலோவுக்குப் போட்டுக்கலாம். பெயிண்ட் அடிச்சிருக்கீங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் எடை கழியும்.”